கொலையை நடிக்க வேண்டாம், வேலையை நடியுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

மழைக்காடுகளைக் காக்கப் போராடிக் கொல்லப்பட்டவர்களுக்கு நிகழ்த்துக்கலை வழியாக அஞ்சலி செலுத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், செய்முறை சார்ந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

*

டிசம்பர் 22 சிக்கோ மென்டெஸ் நினைவு நாள். எங்கள் கல்லூரி நாடகக் குழுவில் 24 பேர். வெள்ளை உடையில் சிவப்புச் சாயம் தெளித்துக்கொண்டு தரையில் பிணங்களாகக் கிடக்கலாம் என்று திட்டம். எவ்வளவு நேரம் கிடந்தால் சரியாக இருக்கும்? (கும்பகோணம் வாசகர்)

கிடக்கவே வேண்டாம் என்பதுதான் எங்கள் யோசனை. பிணமாகக் கிடப்பது எல்லாப் போராட்டத்துக்கும் பொருந்திவிடுகிறது; அணு உலைக்கும் கிடக்கலாம், சாலை விபத்துக்கும் கிடக்கலாம். வேடிக்கை பார்ப்பவர் ஒரே நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். மென்டெஸ் யார், எந்த ஊர், என்ன செய்தார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

பிரேசிலின் ஆக்ரி மாநிலத்தில் ஷாப்புரி என்ற சிற்றூரில், தன் வீட்டுப் பின்வாசலில், 1988 டிசம்பர் 22 மாலை, ரப்பர் பால்வெட்டிகளின் சங்கத் தலைவரான அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவனுக்கும் சுடச் சொன்ன பண்ணை முதலாளியான அவன் தகப்பனுக்கும் 1990-ல் 19 ஆண்டுச் சிறை. துப்பாக்கி வெடித்தது ஒரு நொடி. அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் அவரும் தோழர்களும் செய்த வேலைக்கு ‘எம்பாச்சி’ என்று பெயர். நிகழ்த்த வேண்டியது அதை.

ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் கூட்டமாகக் காட்டுக்குள் நடந்துபோய், மரம் அறுக்கும் கூலியாட்களைச் சுற்றி நின்று, பேசியே ரம்பத்தைக் கீழே வைக்கச் செய்வதுதான் எம்பாச்சி. பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் முன்வரிசையில் நிற்பார்கள். அறுப்பவரும் கூலிக்காரர், தடுப்பவரும் கூலிக்காரர் என்பதால் அடிதடியைவிடப் பேச்சுக்கே அதிக இடம். 1976-ல் அதே மாநிலத்தின் பிரேசிலேயா என்ற ஊர்ப் பக்கம் தொடங்கியது. அப்போது முன்னின்ற வில்சன் பின்யெய்ரோவை 1980 ஜூலையில் தொழிற்சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். மென்டெஸ் சொன்ன கணக்குப்படி மொத்தம் 45 எம்பாச்சி. வென்றது 15, தோற்றது 30.

இந்தக் கணக்கையே உங்கள் நிகழ்வின் அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடுவையில் மூன்று சீட்டு: ஒன்றில் ‘நிறுத்து’, இரண்டில் ‘அறு’. தொடங்கும்போது பார்வையாளர் ஒருவர் ஒரு சீட்டை எடுத்து, பிரிக்காமல் ரம்பக்காரரிடம் கொடுக்கிறார். வட்டம் மூடிய பிறகுதான் அவர் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு தடவை நீங்கள் தோற்பீர்கள். ஒத்திகையில் அது சங்கடமாக இருக்கும், நல்லபடியாக முடித்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். மாற்றாதீர்கள்.

நடுவில் 8 மீட்டர் குறுக்களவுள்ள வெட்டவெளி. அதில் பெருக்கல் குறி வடிவ மரத்தாங்கி இரண்டு, அவற்றின்மேல் 15 செ.மீ. பருமனுள்ள சீமைக் கருவேலங்கட்டை. ஆறு பேர் அறுப்பவர்கள், ஆள் மாற்றி ஆள் கைரம்பத்தால் மெய்யாகவே அறுக்க வேண்டும், பாவனை கூடாது. மீதி 18 பேர் வெவ்வேறு திசையிலிருந்து 40 நொடிக்கு ஒருவராக வந்து ஒரு கை எட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். எல்லோரும் வந்து சேர 12 நிமிடம். வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வாக்கியத்தை, டீக்கடையில் பேசும் குரலில், அறுப்பவரிடம் சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

பிசகும் இடங்கள்: வாக்கியங்கள் கோஷமாக மாறும், கல்லூரிக் குழுக்களில் இது நிச்சயம் நடக்கும். எல்லோரும் ஒரே வேகத்தில் நடந்து அணிவகுப்பாகிவிடும். நடையை ஒத்திகையில் தனித்தனியாகப் பழகுங்கள். மூன்றாவது, ரம்பம் கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். வெட்டு இரண்டு தாங்கிகளுக்கும் நடுவில் விழுந்தால் கட்டை தன் எடையில் தொய்ந்து, வெட்டுவாய் மூடி அலகை நெரிக்கும். வெட்டும் முனை தாங்கிக்கு வெளியே தொங்க வேண்டும். பச்சைக் கட்டையும் வேண்டாம், ஆறு மாதமாவது காய்ந்ததாக இருக்கட்டும். கையில் ஓர் ஆப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ரி பால்வெட்டிகள் விடியுமுன் காட்டுக்குள் போகும்போது ‘பொரோங்கா’ என்ற தகர விளக்கைத் தலையில் கட்டிக்கொள்வார்கள். அதைச் செய்ய ஆசை வரும், செய்யலாம். மண்ணெண்ணெய்த் திரி மட்டும் வேண்டாம். தகர டப்பாவுக்குள் சிறிய எல்இடி, அதன்மேல் மஞ்சள் ஜிகினாத்தாள் போதும்.

*

வீதி நாடகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (நெய்வேலி வாசகர்)

வீதி நாடகத்தில் நீங்கள் வேறொருவராக நடிக்கிறீர்கள். இங்கே நீங்களாகவே இருந்து ஒரு செயலைச் செய்கிறீர்கள். 1987 செப்டம்பர் 4 அன்று, பிரேசிலின் அரசியலமைப்பு அவையில், பழங்குடித் தலைவர் ஆய்ல்டன் கிரெனாக் வெள்ளைக் கோட்டு சூட்டில் வந்து நின்று நிதானமாகப் பேசினார். பேசப் பேச, ஜெனிபாப்போ காயிலிருந்து செய்த கறுப்புச் சாந்தைக் கையிலெடுத்து முகம் முழுக்கப் பூசிக்கொண்டார். வேஷமில்லை, கதையில்லை, குரல் உயரவில்லை. இந்தத் துறையில் இதைவிடக் கச்சிதமான பாடம் வேறில்லை என்று நினைக்கிறோம். மறு ஆண்டு வந்த அரசியலமைப்பில் பழங்குடிகளின் நில உரிமை 231, 232-ஆம் பிரிவுகளாக இடம்பெற்றது. அந்தச் சாந்து மட்டும் அதை வாங்கித் தரவில்லை. பல அமைப்புகளின் நெடுநாள் உழைப்பு அது.

*

கொல்லப்பட்டவர்களின் பெயர்களை வாசிக்க விரும்புகிறோம். பட்டியல் எங்கே கிடைக்கும்? எல்லாவற்றையும் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? (கோவை வாசகர்)

நிலத்துக்கும் சூழலுக்கும் போராடியவர்கள் கொல்லப்படுவதைப் பதிவு செய்யும் குளோபல் விட்னஸ் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். 2012 முதல் 2024 வரை அதன் கணக்கு 2,253 பேர். 2024-ல் மட்டும் 146. அதில் 48 பேர் கொலம்பியாவில். இந்த எண்களில் கொல்லப்பட்டவர்களோடு, நெடுநாளாகக் காணாமல் போனவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். வாசிக்கும்போது இவர்களைப் பிரித்துச் சொல்லுங்கள். காணாமல் போனவரைச் செத்தவர் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிடாதீர்கள். அவர் வீட்டில் இன்னும் காத்திருக்கலாம்.

பெயர், ஊர், ஆண்டு மூன்றும் சொல்ல ஒருவருக்கு 8 நொடி. 146 பேருக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். 2,253 பேருக்கு ஐந்து மணி நேரம். ஒருவர் தொடர்ந்து 15 நிமிடத்துக்கு மேல் வாசித்தால் குரல் தட்டையாகிப் பெயர்களை விழுங்கத் தொடங்குவார். ஏழு பேரை வைத்து, ஆளுக்கு மூன்று முறை சுற்றிவிடுங்கள். வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் அட்டவணையில் விரல் வைத்துத் தொடர வேண்டும். ஆள் மாறும்போது ஒரு பெயர் விட்டுப்போவதோ இரண்டு முறை வருவதோ வழக்கமாக நடக்கும் பிழை.

பெயர்களைத் தமிழ் எழுத்தில் பெரிதாகத் தட்டச்சு செய்து கொடுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தால் ஷாப்புரி ‘சாபுரி’ ஆகும், ஜோசே ‘ஜோஸ்’ ஆவார். ஸ்பானியப் பெயர்களில் முதலில் தந்தைவழிப் பெயர், பிறகு தாய்வழிப் பெயர். பெர்த்தா இசபெல் காசெரெஸ் ஃபுளோரெஸைச் சுருக்கினால் ‘பெர்த்தா காசெரெஸ்’தான், ‘பெர்த்தா ஃபுளோரெஸ்’ அல்ல. கம்போடியரான சுட் வுத்தியின் பெயரில் ‘சுட்’ குடும்பப் பெயர், அது முன்னால்தான் வரும். பிரேசிலில் 2019 நவம்பர் 1 அன்று கொல்லப்பட்ட காட்டுக் காவலர் பவுலோ பவுலினோ குவாஜஜாராவின் கடைசிச் சொல் அவருடைய இனத்தின் பெயர். அதே பெயரோடு இன்னொருவர் பட்டியலில் வந்தால் இருவரையும் அண்ணன் தம்பியாக்கிவிடாதீர்கள்.

லத்தீன் அமெரிக்காவில் ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ‘ப்ரெசென்தே’ (இங்கே இருக்கிறார்) என்று பதில் குரல் கொடுக்கும். நூறு பேராவது கூடும் இடத்தில் மட்டும் அதை முயலுங்கள். பன்னிரண்டு பேர் சொன்னால் பள்ளிக்கூட வருகைப் பதிவு போல் ஆகிவிடும்.

*

கொலம்பியாவில் ஒரு கலைஞர் சாம்பலால் பெயர்களை எழுதினார் என்று படித்தேன். செய்முறை வேண்டும். (பாண்டிச்சேரி வாசகர்)

அவர் டோரிஸ் சால்செடோ. 2016 அக்டோபர் 11 அன்று பொகோட்டாவின் பொலிவார் சதுக்கத்தில், உள்நாட்டுப் போரில் மாண்ட ஏறக்குறைய இரண்டாயிரம் பேரின் பெயர்களை வெள்ளைத் துணித் துண்டுகளில் சாம்பலால் எழுதி, அவற்றைத் தன்னார்வலர்கள் கையால் தைத்து இணைத்துச் சதுக்கத்தையே மூடினார்கள். 2019 ஜூன் 10 அன்று அதே இடத்தில், கொல்லப்பட்ட 165 சமூகத் தலைவர்களின் பெயர்களை உடைந்த கண்ணாடியால் எழுதினார்கள். நிலத்துக்கும் ஆற்றுக்கும் காட்டுக்கும் போராடியவர்கள் அந்த வரிசையில் உண்டு. உங்கள் தலைப்புக்கு இந்த இரண்டாவதுதான் நெருக்கம். ஆனால் கண்ணாடி வேலை காயமில்லாமல் முடியாது. முதல் முயற்சிக்குச் சாம்பலே நல்லது.

துணி: வெளுக்காத காடாத் துணி, ஒரு பெயருக்கு 1.2 மீட்டருக்கு 60 செ.மீ. வாங்கியதும் வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். மொடமொடப்போடு விட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலே படிந்து, காய்ந்ததும் சாம்பலோடு செதிலாக உதிரும்.

சாம்பல்: விறகு அடுப்புச் சாம்பல், பெயருக்கு 150 கிராம். கல்யாணச் சமையல்காரர்களிடம் கேட்டால் மூட்டையாகவே கிடைக்கும். மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். வெறும் சாம்பல் காடாத் துணியில் வெயிலில் தெரியாது, புகைப்படத்தில் சுத்தமாகத் தெரியாது. நாலு பங்கு சாம்பலுக்கு ஒரு பங்கு அடுப்புக்கரித் தூள் கலந்தால் எழுத்து எடுப்பாக நிற்கும். உமிச் சாம்பல் வேண்டாம், அதிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. அனல்மின் நிலையச் சாம்பலும் கூடாது. திருநீறும் வேண்டாம். அது கைக்கு வந்ததுமே பார்ப்பவர் மனம் கோயிலுக்குப் போய்விடும், உங்கள் பெயர்ப்பட்டியல் பின்னால் தள்ளப்படும்.

பசை: மைதா 100 கிராம், தண்ணீர் 800 மில்லி, கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி ஆறவிடுங்கள். பன்னிரண்டு பெயருக்குக் காணும். அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும், மறுநாள் புளித்து நீர்த்துவிடும்.

எழுத்து: பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் 18 செ.மீ. உயர எழுத்துகளை வெட்டி அச்சுத்தகடு செய்யுங்கள். தமிழில் ண, ழ, இ போன்ற சுழி எழுத்துகளில் உள்வட்டம் தனியாகக் கழன்று விழுந்துவிடும். 4 மி.மீ. அகலத்தில் இணைப்புப் பட்டை விட்டு வெட்ட வேண்டும். தகட்டை வைத்துத் தூரிகையால் மெல்லிய பசை, தகட்டை எடுத்துவிட்டு டீ வடிகட்டியால் சாம்பல் தூவல், ஐந்து நிமிடம் பொறுத்துத் துணியின் இரண்டு மூலையைப் பிடித்துக் கவிழ்த்து ஒரு தட்டு. நிழலில் ஆறு மணி நேரம் காயட்டும். பசை தடிமனாகிவிட்டால் காய்ந்தபின் வெடிக்கும்.

விறகுச் சாம்பல் காரத்தன்மை உள்ளது. ஈரக் கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் கட்டாயம். நிகழ்வன்று பெருந்தையல் போட்டு இணைக்கலாம், 2 செ.மீ.க்கு ஒரு தையல் போதும். பழக்கமில்லாதவருக்கு ஒரு ஓரம் தைக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடம் அவர் ஒரு பெயரின் முன் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், இந்த முறையின் பலமே அதுதான். கடற்கரையில் மட்டும் செய்யாதீர்கள், காற்று கால் மணியில் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

பொகோட்டா நிகழ்வுக்கு ஒரு கண்டனமும் எழுந்தது. சமாதானம் வேண்டி அதே சதுக்கத்தில் ஏற்கெனவே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தவர்களை இந்தத் துணிக்காக இடம்பெயர்த்தார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் யார் கடை போடுகிறார்கள், யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்பதை முதலில் போய்க் கேளுங்கள்.

*

அமேசான் பழங்குடிகளைப் போல இறகுத் தலையணி, உடல் ஓவியத்தோடு ஆட நினைக்கிறோம். நிறங்களுக்கு எதைப் பயன்படுத்துவது? (சேலம் வாசகர்)

நிறம் கிடைக்கும். அங்கே சிவப்புக்குப் பயன்படும் ‘உருகூம்’ என்ற விதைதான் நம் கடைகளில் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நிறமேற்றும் அன்னாட்டோ. ஆனால் செய்யாதீர்கள். அந்தக் கோலங்கள் எந்த இனம், என்ன வயது, என்ன சடங்கு என்பதைச் சொல்பவை. அவற்றைப் பார்த்து வரைந்தால், அர்த்தமில்லாத ஒன்றை அணிந்து அவர்களாக நடிக்கிறீர்கள்.

மனாவுஸ் நகரில் வாழும் ஊய்ரா செய்வதைப் பாருங்கள். பழங்குடி வழிவந்தவர், சூழலியலில் முதுகலை படித்தவர். 2016 முதல் இலை, கொடி, விதை, மண் இவற்றை உடம்பில் ஏற்று, ‘நடக்கும் மரம்’ என்று தன்னை அழைத்துக்கொண்டு கழிவோடைகளிலும் வெட்டப்பட்ட காட்டிலும் நிற்கிறார். கம்போடியாவின் குவாய் சம்னாங், அணைத் திட்டத்தால் அச்சுறுத்தப்பட்ட அரெங் பள்ளத்தாக்கில் சோங் மக்களோடு தங்கி, கொடிகளால் பின்னிய விலங்கு முகமூடிகளை நடனக் கலைஞர் ஞெத் ராடி அணிந்து காட்டிலும் ஆற்றிலும் அசைவதைப் படம்பிடித்தார். 2017-ல் ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சியில் அது இடம்பெற்றது. இருவரும் தங்களுக்குத் தெரிந்த மண்ணின் பொருளை எடுத்தார்கள். உங்கள் ஊரில் உதிரும் இலை உங்களுக்குத் தெரியும், அதை எடுங்கள்.

செய்யும் விதம்: பழைய கொசுவலையில் மேலங்கி தைத்து, அதன்மேல் இலைகளை ஊசிநூலால் கோருங்கள். பசையால் தோலில் ஒட்டக் கூடாது, வியர்த்ததும் கழன்று விழும், பசை தோலை அரிக்கும். மா, பலா இலைகள் பறித்தபின்னும் பல மணி நேரம் விறைப்பாக நிற்கும். வாழையிலை கிழிந்துவிடும், வாழை நார், பாக்கு மட்டை, தென்னம்பன்னாடை நன்றாக நிற்கும். ஓர் ஆளுக்கு ஆறு கிலோவைத் தாண்டவிடாதீர்கள். முதல்நாள் இரவு தைத்து ஈரச் சாக்கால் மூடி வைத்தால் காலையில் வாடாமல் இருக்கும்.

எருக்கு, அரளி, பார்த்தீனியம், பூனைக்காலி, காஞ்சொறி, இந்த ஐந்தும் பக்கத்தில்கூட வரக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் மருத்துவமனைதான். மா இலையில் முசுறுக் கூடு இருக்கும், தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி உதறாமல் யாருக்கும் அணிவிக்காதீர்கள். (இதை விட்டுவிட்டால் பார்வையாளர்கள் எதிர்பாராத ஒரு நடனத்தைப் பார்ப்பார்கள்.) மண் பூசுவதென்றால் செம்மண்ணைக் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவைத்த அடிவண்டலை மட்டும் எடுங்கள். மண்ணும் இலையும் சேர்ந்தால் உடம்புச் சூடு வெளியேறாது. 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வெயிலில் 15.

*

மேடையில் சங்கிலி ரம்பத்தை ஓடவிடலாமா? மழைக்காட்டு ஒலி எங்கே கிடைக்கும்? (சென்னை வாசகர்)

மூடிய அரங்கில் கூடவே கூடாது, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வெட்டவெளியிலென்றால் சங்கிலியையும் அலகையும் கழற்றிவிட்டு, எஞ்சினை மட்டும் 20, 30 நொடி ஓடவிடலாம். இயக்குபவருக்கு அனுபவம் வேண்டும். சத்தம் 110 டெசிபெல் அளவுக்குப் போகும். முதல் வரிசை பத்து மீட்டர் தள்ளி, குழந்தைகள் இன்னும் பின்னால். எரிபொருள் கலவை பெரும்பாலும் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். கூடினால் புகை கக்கும், குறைந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். உண்மையில் பதிவொலியே போதும். ரம்பச் சத்தத்தைவிட அது திடீரென்று நிற்கும் கணம்தான் வேலை செய்கிறது; பதிவில் அந்த வெட்டை நொடி பிசகாமல் வைக்கலாம்.

காட்டொலிக்கு இணையத்தில் கிடைக்கும் ‘மழைக்காடு’ கோப்புகளை நம்பாதீர்கள். பலவற்றில் ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா சிரிக்கும். பழைய ஹாலிவுட் காட்டுப் படங்கள் தொடங்கிவைத்த வழக்கம் அது. அமேசானென்றால் ஊளைக்குரங்கும், சீட்டியடிப்பது போல் கத்தும் பிகா பறவையும். ‘ஜீனோ-கான்டோ’ தளத்தில் பறவைக் குரல்கள் இடம், தேதியோடு கிடைக்கின்றன. உரிம நிபந்தனையைப் படித்து, பதிவு செய்தவர் பெயரைத் துண்டறிக்கையில் போடுங்கள்.

*

கொலைக் காட்சியை நடிக்கவே கூடாது என்று விதியா? (திருச்சி வாசகர்)

விதியில்லை. யார் நடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பிரேசிலின் பாரா மாநிலத்தில் உள்ள எல்டொராடோ தோஸ் கரஜாஸில், 1996 ஏப்ரல் 17 அன்று நெடுஞ்சாலையை மறித்த நிலமற்ற உழவர்கள் மீது காவல்படை சுட்டு 19 பேரை அந்த இடத்திலேயே கொன்றது. (இவர்கள் நிலத்துக்காகப் போராடியவர்கள், காட்டுக்காக அல்ல. ஆனால் கொன்ற முறையும் நிலவுடைமை அரசியலும் ஒன்றே.) 2023-ல் ‘அமேசானில் ஆன்டிகனி’ நாடகத்துக்காக இயக்குநர் மீலோ ரவ் அதே சாலையில் அந்தப் படுகொலையை மீண்டும் நிகழ்த்தினார். விழுந்து கிடந்தவர்களில் தப்பிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். பழைய கிரேக்க நாடகத்தின் நாயகி ஆன்டிகனியாக நின்றவர் பழங்குடி நடிகர் கே சாரா. அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. அவர்கள் அழைத்தால், இருக்கச் சொன்ன இடத்தில் நீங்களும் இருக்கலாம்.

இந்தப் படுகொலையின் நினைவாக மராபா நகரில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமையர் வடிவமைத்த நினைவுச் சின்னம் 1996-ல் எழும்பிய வேகத்தில் தகர்க்கப்பட்டது. 1999-ல் உயிர் தப்பியவர்கள், கலைஞர் டான் பாரனோடு சேர்ந்து, சுடப்பட்ட சாலை வளைவிலேயே எரிந்து கருகிய 19 பிரேசில்கொட்டை மரங்களை நட்டார்கள். அந்த மரத்தை வெட்டச் சட்டத்தில் தடை. ஆகவே பண்ணைக்காரர்கள் சுற்றியிருக்கும் காட்டைக் கொளுத்துவார்கள், நடுவில் இது மட்டும் வெந்து நிற்கும். அந்தப் பகுதியில் போகிற எவருக்கும் பழகிய காட்சி. பொருளைத் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான்.

*

இதனாலெல்லாம் ஒரு மரமாவது பிழைத்திருக்கிறதா? (மதுரை வாசகர்)

நேரடியாக இல்லை. பிரேசில் அமேசானில் 2004-ல் 27,772 சதுர கி.மீ. காடு அழிந்தது, 2012-ல் அது 4,571 ஆகக் குறைந்தது. குறைத்தவை செயற்கைக்கோள் கண்காணிப்பு, சோதனைப் படை, வங்கிக்கடன் கட்டுப்பாடு, காடழித்த நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று வணிகர்கள் 2006-ல் செய்துகொண்ட உடன்பாடு போன்றவை. கண்காணிப்பு தளர்ந்ததும் 2021-ல் 13,038. எந்த நிகழ்த்துக்கலையும் இந்த வளைகோட்டை அசைக்கவில்லை.

கம்போடியாவின் ப்ரே லாங் காட்டு மக்கள் 2011-ல் முகத்தில் பச்சை பூசி, இலைத் தொப்பியோடு, ‘அவதார்’ படத்தின் பாத்திரங்களைப் போல் தலைநகர் புனோம் பென்னில் கூடினார்கள். உலகப் பத்திரிகைகளில் படம் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று, அவர்களுக்குத் துணைநின்ற சுட் வுத்தி கோ காங் மாகாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016-ல் ப்ரே லாங் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, நாலே கால் லட்சம் ஹெக்டேருக்கு மேல். வெட்டு நிற்கவில்லை. 2020 முதல் மக்களின் காட்டுச் சுற்றுக்காவலையே அதிகாரிகள் தடுக்கிறார்கள்.

வழக்குகளில் கொஞ்சம் பயன் உண்டு. ஹோண்டுராசில் குவல்கார்கே ஆற்றின் அணையை எதிர்த்த பெர்த்தா காசெரெஸ் 2016 மார்ச் 2 இரவு கொல்லப்பட்டார். 2018-ல் ஏழு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அத்தோடு ஊற்றி மூடியிருக்கலாம். குடும்பமும் அவர் தொடங்கிய கோபின் அமைப்பும் நீதிமன்ற வாசலில் சடங்கும் பாட்டும் பெயர் கூவலுமாக விடாமல் நின்றார்கள். 2021-ல் அணை நிறுவனத்தின் தலைவராக இருந்தவரே குற்றவாளி என்று தீர்ப்பானது. மறு ஆண்டு 22 ஆண்டு 6 மாதச் சிறை. உங்கள் நிகழ்வின் தேதியை நினைவு நாளில் வைப்பதைவிட விசாரணை நாளில் வைப்பது மேல் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

*

தமிழ்நாட்டுப் பெயர்களையும் சேர்க்கலாமா? (திருநெல்வேலி வாசகர்)

சேர்க்கலாம், ஆனால் மழைக்காட்டு வரிசையில் கலக்காமல் தனியாக. தாமிரபரணி மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் 2023 ஏப்ரல் 25 அன்று அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகளை எதிர்த்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்கு. தீர்ப்பு வராத வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயரை மேடையில் சொல்லாதீர்கள். குடும்பத்தாரிடம் கேட்காமல் பெயரையும் படத்தையும் எடுக்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்கவும் வேண்டாம்.

*

காவல்துறை அனுமதி வேண்டுமா? (தாம்பரம் வாசகர்)

பொது இடமென்றால் வேண்டும். சென்னையில் காவல் சட்டம் 41-ஆம் பிரிவின்படி குறைந்தது ஐந்து நாள் முன்னால் மனு கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனியாகக் கேளுங்கள். நாடகப் பிரதியைக் காட்டச் சொன்னால்: 1954-ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முன்தணிக்கைப் பிரிவுகளை, ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே ரத்து செய்துவிட்டது. தீர்ப்பின் நகல் கையில் இருக்கட்டும். கல்லூரி வளாகமென்றால் முதல்வரின் கடிதம் போதும்.

*

குவாய் சம்னாங் கித்தாப் பாலை (ரப்பர் பாலை) தலையில் ஊற்றிக்கொள்ளும் படத்தைப் பார்த்தேன். எங்கள் தோட்டப்புறத்தில் பால் எளிதாகக் கிடைக்கும். செய்யலாமா? (மலேசியா, ஈப்போ வாசகர்)

அவர் அதை 2014-ல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில், காட்டை அழித்துப் போட்ட ரப்பர் தோட்டங்களில் செய்தார். உங்களுக்கு அந்தப் பால் இன்னும் நெருக்கமான பொருள்: 1876-ல் ஆங்கிலேயரான விக்ஹம் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து கொண்டுபோன விதைகளின் வழித்தோன்றல்தான் மலாயாவில் தமிழர் பால்வெட்டிய தோட்டங்கள். மென்டெஸ் காட்டுக்குள் வெட்டிய அதே இன மரம். அங்கே அந்த மரம் காட்டைக் காக்கும் காரணமாக இருந்தது, ரத்தனகிரியில் காட்டை அழிக்கும் காரணமானது. இந்த முரணை வைத்து நிறையச் செய்யலாம்.

அன்று காலை வெட்டிய பாலைத்தான் பயன்படுத்த வேண்டும். சில மணி நேரத்தில் அது தானாக உறையத் தொடங்கும். உறையாமலிருக்க அம்மோனியா கலந்த பால் தோலையும் கண்ணையும் எரிக்கும், அதைத் தொடாதீர்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் தேவைப்படும். தலையில் வேண்டாம், முடியில் உறைந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், இமை ஒட்டிக்கொண்டால் விபரீதம். தோளிலிருந்து கீழே ஊற்றுங்கள். முன்னதாக உடம்பு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவினால் உரிக்கும்போது ரோமம் பிடுங்காது. பலூன், கையுறை பட்டால் அரிப்போ மூச்சுத்திணறலோ வருகிறவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. மேலே படலம் படிந்தபின் வியர்வை வெளியேறாது, இருபது நிமிடத்துக்குள் உரித்துவிடுங்கள்.

ஒவ்வாமை பயமிருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சோளமாவு கரைத்துக் காய்ச்சிய கஞ்சி. தூரத்திலிருந்து பார்க்கப் பால்தான். ஆனால் படலமாக உரியாது, காய்ந்து வெடிக்கும்.

மிஞ்சிய ரப்பர் பாலை வடிகாலில் ஊற்றாதீர்கள், உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். வாளியிலேயே வினிகர் விட்டுக் கட்டியாக்குங்கள். அந்தக் கட்டியை ஒட்டுப்பாலோடு சேர்த்துத் தோட்டத்திலேயே எடையில் போட்டுவிடலாம்.